பன்னிரண்டு புள்ளி நான்கு

16.6.2025, திங்கள். இரண்டாம் பம்பில் டேங்க் ஃபுல். 417 கிலோமீட்டருக்கு 42.1 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 9.9 கிலோமீட்டர் வருகிறது. ஆனால் இது சரியில்லை. முதல் க்ளிக்கிலேயே நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். பங்க் அக்கா, நிரம்பட்டும் என்று இன்னும் அரை லிட்டர் விட்டார். அதைக் கழித்தால் 10.0. கழிக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. தவறு என்னுடையது. நாளை: டயர் காற்று பார்க்க வேண்டும்.

“சாவியக் குடுக்கா” என்று நிகில் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

சுப்ரஜா வலது கையை மூடியபடியே வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோடு வேனில் ஏறியபோது மூடிய கை. கூடத்தின் நடுவே ஐஸ் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார். கண்ணாடி மேல் பனி படர்வதும், பக்கத்து வீட்டு ரத்தினபாய் துண்டால் துடைப்பதுமாக இருந்தது. துடைத்து இரண்டு நிமிடத்தில் முகம் மறுபடி மங்கிவிடும். சில சமயம் இரண்டரை. சுப்ரஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதைக்கூட எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை.

“இன்னா நடக்குது இங்க?” பந்தலிலிருந்து பெரியப்பா ஜெயவேலு உள்ளே வந்தார். “வண்டி இன்னும் ஆஸ்பத்திரிலயா நின்னுகினு கீது? தம்பி வண்டி வாசல்ல நிக்காம தம்பி கெளம்பக் கூடாது. அவ்ளோதான். நிகிலு, வா, போய் எடுத்துகினு வந்துடலாம்.”

“அக்கா சாவி தர மாட்டேங்குது பெரிப்பா.”

“நான் போய் எடுத்துட்டு வரேன்” என்றாள் சுப்ரஜா.

“நல்லா கீதும்மா. அப்பன வூட்ல படுக்க வச்சிட்டு பெத்த பொண்ணு கார் ஓட்டினு போவும். ஊரு இன்னா பேசும்? குடு.”

அவள் கொடுக்கவில்லை. அப்பாவின் நினைவாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து ரத்தினபாய் அவள் தலையைத் தடவினாள். நினைவு ஒன்றும் இல்லை. அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினால் ஸ்டீரிங்குக்குப் பின்னால் சிறிய திரை ஒன்று எரியும். அதில் மூன்று எண்கள் இருக்கும். 9.6 கிலோமீட்டர். 24 நிமிடம். 12.4. அவற்றைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பெட்டிக்குள் இருந்தார்.

அப்பா குமரவேல் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன் ஏரிப் பக்கம் மிச்சமிருந்த கடைசி மனையை விற்றதும், யாரிடமும் சொல்லாமல் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் டர்போ பெட்ரோல் என்ஜின், நூற்றெண்பது குதிரைத்திறன். மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் குடிக்கிற குடிக்கு அம்மா ஹேமாவதி அதை ‘எரும’ என்றுதான் சொல்வாள். “எருமைக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாச்சா?”

ஜனவரியில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அம்மா விற்றே தீருவது என்று நின்றாள். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அம்மாவே ஒரு வழி சொன்னாள். “லிட்டருக்குப் பன்னெண்டு குடுத்தா இருந்துட்டுப் போவட்டும். சுப்ரஜாதான் ஓட்டணும். பன்னெண்டு வரலன்னா இந்தத் தீபாவளிக்குள்ள வித்துடுவேன்.”

அப்போது அது எட்டு புள்ளி மூன்று கொடுத்துக்கொண்டிருந்தது.

சுப்ரஜா பகலில் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் தோலின் கனம் அளப்பவள். மாலையில் மெக்கானிக்கல் டிப்ளமோ வகுப்பு. அவள் மைலேஜுக்கென்று ஒரு நோட்டுப் போட்டாள். டயரில் காற்றை முப்பத்தாறாக ஏற்றினாள். டிக்கியில் கிடந்த பெயின்ட் டப்பாக்களையும் இரும்புச் சாமான்களையும் இறக்கினாள். ஏ.சி.யை அணைத்தாள். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தொடும் முன்பே கியரை மாற்றினாள். தூரத்தில் சிவப்பு விழுந்தால் அங்கிருந்தே காலை எடுத்து வண்டியை உருள விட்டாள். திரை காட்டுவதை நம்பாமல், டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் வகுத்தாள். திரை நூற்றுக்கு ஆறு கூட்டிச் சொல்கிறது என்று அப்படித்தான் கண்டுபிடித்தாள். ஐந்து மாதத்தில் எட்டு புள்ளி மூன்று பத்து ஆகியிருந்தது.

“ஓட்டறியா, தள்ளறியா?” என்பார் அப்பா, பக்கத்து சீட்டிலிருந்து. “பின்னாடி வரவன்லாம் ஹாரன் அடிக்கறான் பாரு. உன்னத் திட்டல. உங்கப்பனத் திட்டறான்.”

“திட்டட்டும். ஒன்பது ஆறு வந்திருக்கு.”

“ஒன்பது ஆறுக்கு நான் சைக்கிள்லயே போயிருப்பேன்டி.”

ஆனால் அவரும் திரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வருவார்.

“சுப்ரஜா” என்றார் பெரியப்பா, குரலைத் தணித்து. “குடும்மா. அவன் வண்டிம்மா அது.”

கை திறந்தது. உள்ளங்கையில் சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது.

அவர்கள் போனதும் கடிகாரம் பதினொன்று நாற்பது காட்டியது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடியதும் காலை ஆறு பத்து வந்தது.

அப்பா தானாகத்தான் நடந்துவந்து ஏறினார். “வாயுதான். ராத்திரி அந்தக் கொண்டக்கடல.” அம்மா மாவுக் கையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “சும்மா ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துடுங்க, இட்லி ஊத்தி வைக்கறேன்” என்றாள். சுப்ரஜா வண்டியைக் கிளப்பினாள். கிளப்பியதும் இடது கை தானாகப் போய், அந்தந்தப் பயணத்தின் கணக்கைக் காட்டும் ட்ரிப் பி பட்டனை அழுத்திப் பிடித்தது, எல்லாம் பூஜ்யமாகும்வரை. இரண்டு நொடி. ஒவ்வொரு பயணத்துக்கும் செய்கிற காரியம். பக்கத்தில் அப்பா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சாலை காலியாக இருந்தது. அதுதான் இப்போது அவளை விடவில்லை. பால் வண்டியும் இரண்டு பஸ்ஸும் தவிர ஒன்றும் இல்லை. அவள் ஆயிரத்து எண்ணூறில் கியர் மாற்றினாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் சிவப்பைப் பார்த்துத் தூரத்திலேயே காலை எடுத்தாள். கேம்ப் ரோடு தாண்டும்போது அப்பா வேர்த்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏ.சி. அணைந்திருப்பதால் வேர்க்கிறது என்று நினைத்தாள். அவர் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கிவிட்டாள். ஏ.சி.யைப் போடவில்லை.

“பதினொண்ணு எட்டு” என்றார்.

“வலி எப்படி இருக்குப்பா?”

“அது கெடக்கு. நீ ரோட்டப் பாரு.”

தாம்பரம் மேம்பாலத்தில் இறங்கும்போது அவர் திரையை நோக்கிக் குனிந்தார். “ஏய், பன்னெண்டு. பன்னெண்டு நாலுடி! கால வைக்காத. அப்டியே உருட்டு, உருட்டு.” குரலில் மூச்சு கம்மியாக இருந்தது. அவள் சிரித்தாள். திரை கூட்டிச் சொல்கிற நூற்றுக்கு ஆறைக் கழித்தால் பதினொன்று புள்ளி ஏழுதான் என்று உடனே மனதில் ஓடியது. சொல்லவில்லை. வண்டியை உருள விட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில், நூற்றெண்பது குதிரைகளை வைத்துக்கொண்டு, குரோம்பேட்டை வரை உருட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. எண் குறைந்துவிடக் கூடாது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு முடிந்துவிட்டது. அவளைவிட இரண்டு மூன்று வயதே கூடுதலாக இருந்த டாக்டர், “பெய்ன் எப்ப ஸ்டார்ட் ஆச்சு? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…” என்றார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து சுப்ரஜாவே விதவிதமாக முடித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டில் இன்னொரு வரி இருந்தது. அதைப் பார்க்க எழுந்துபோக வேண்டியதில்லை, மனப்பாடம். ‘6.4.2025, ஞாயிறு, காலை 6.20. ரத்தப் பரிசோதனை. அதே பாதை. ஓட்டியது அப்பா (அம்மாவுக்குத் தெரியாது). 14 நிமிடம். 7.1.’

இருபத்திநான்கில் பதினான்கு போனால் பத்து.

ஆனால் அது ஞாயிறு, இது செவ்வாய். அது அப்பாவின் கால், இது அவள் கால். இரண்டு விஷயம் மாறியிருக்கும்போது ஒப்பிடக் கூடாது. ஒன்று மட்டும்தான் மாற வேண்டும். வகுப்பில் முதல் வாரமே சொன்னது. ஆகவே பத்து என்பது செல்லாது. எட்டாக இருக்கலாம். மூன்றாகக்கூட இருக்கலாம். எட்டு நிமிடத்தில் ஒரு மனுஷன் பிழைப்பாரா? மூன்றில்? அதைக் கேட்க யாரும் இல்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

ஒன்றரை மணிக்கு வாசலில் அந்த என்ஜின் சத்தம் கேட்டது. அம்மா தலையை நிமிர்த்தினாள். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு ஆள் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருவது வழக்கம்.

நிகில் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலிலிருந்து காலையில் போட்டுக்கொண்டு வந்த அதே கசங்கிய சட்டை.

“அக்கா. ட்ரிப் பி-ய அழிச்சிட்டேன்.”

அவள் திரும்பினாள்.

“பெரிப்பா பக்கத்துல உக்காந்துனு இருந்தாரு. இன்னாடா அது நம்பருன்னு கிட்டப் போய்ப் பாத்தாரு. கண்ணாடி எடுத்துனு வரல, அதனால தெரியல.”

“ஏன்டா அழிச்ச?”

“சும்மாதான்.”

“நீ பாத்தியா?”

“பாக்கலக்கா.”

அவன் பொய் சொன்னால் கழுத்தைச் சொறிவான். சொறிந்துகொண்டிருந்தான். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு, அது இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை. அப்பா கடைசியாகப் படித்த எண் அது. அவளுக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியும் அதுதான். இனி அவள் சொன்னால்தான் உண்டு.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெரியப்பா காரின் பானெட் மேல் ஒரு மாலை போட்டிருந்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த கடைத்தெரு ஆட்களிடம், “ஒரு தபா இதுல கோவளம் போனேம்ப்பா இவன்கூட. போய்ச் சேர்றதுக்குள்ள வேட்டி அவுந்துபோச்சு. கண்ணத் தொறந்தா கடலு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாயோடு அவர் அழுதார். தெரு முனைவரை பெண்கள் போனார்கள். மேளத்துக்குப் பின்னால் பூ வண்டி ஊர்ந்தது. மணிக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும் என்று சுப்ரஜா நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் கையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

வீட்டைக் கழுவிவிட்டபின், விளக்கு வைக்கிற நேரத்தில், சமையலறையில் அம்மாவும் அவளும் மட்டும் இருந்தார்கள். காலையில் எடுத்து வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்து, மேடையெல்லாம் காய்ந்துபோயிருந்தது. அம்மா கரண்டியால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“கார்ல இன்னாடி பேசினாரு?”

இன்றைக்கு இது ஆறாவது முறை. ஐந்து முறையும், ஒண்ணும் பேசலம்மா என்றுதான் சொல்லியிருந்தாள்.

“எதுனா சொல்லியிருப்பாரே. என்னப் பத்தி, நிகிலப் பத்தி.”

“மைலேஜ் படிச்சினு வந்தாரும்மா.”

கரண்டி நின்றது.

“பன்னெண்டு நாலுன்னு சொன்னாரு. சந்தோஷமா. கால வைக்காத, உருட்டுன்னாரு. நான்…” அவள் மேடைத் துணியைக் கையில் எடுத்தாள். “நான் மெதுவாத்தாம்மா போனேன். ரோடு காலியா இருந்துச்சு. இருவத்திநாலு நிமிஷம் ஆச்சு. அவருக்கு வேர்த்துச்சு, ஏ.சி. போடல. நான் போட்டிருக்கணும். வேகமாப் போயிருக்கணும்.”

வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் அடுக்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

“மைலேஜ் யாருக்குடி வேணும்” என்றாள் அம்மா. குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது. “வண்டியப் புடுங்கினா அந்த ஆளு செத்துடுவாரு. வுட்டா வேகமாப் போய் செத்துடுவாரு. அதுக்குத்தான் பன்னெண்டுன்னேன். வாய்க்கு வந்த நம்பர். நீ ஓட்டினா மெதுவா ஓட்டுவ… மெதுவாப் போவட்டும்னு…”

முடிக்காமல், காய்ந்த மாவை மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள். அது வரவில்லை. சுப்ரஜா குழாயைத் திறந்து துணியை நனைத்து அதன்மேல் போட்டாள், ஊறட்டும் என்று. இருவரும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நான்கு இல்லை, பதினொன்று ஏழு என்பதை அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை.

பிறகு அறைக்குப் போய் நோட்டைத் திறந்தாள்.

17.6.2025, செவ்வாய். காலை 6.10 முதல் 6.34 வரை. 9.6 கி.மீ. 24 நிமிடம். ஏ.சி. இல்லை. திரையில் 12.4. திருத்தினால் 11.7. கிளம்பும் முன் ட்ரிப் பி-யை அழுத்தினேன். தவறு

அங்கே பேனா நின்றது. அந்த வரியை முடிக்காமல் அடுத்த வரிக்கு வந்தாள்.

நாளை, புதன்: எட்டு மணிக்கு நிகிலைப் பால் தெளிக்கக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு முன், 6.10-க்கு, வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு தடவை. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு. மைலேஜ் பார்க்க வேண்டாம். நிமிடம் மட்டும்.