ட்ரூப் வீட்டின் மூத்த கிளை

காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார் கோட்ஃப்ரீட் ஹாபெக்கர். எண்பது தாண்டியும் என்ன வீம்பு! மகள் ரேகுலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். ஆனால் அந்நாட்டு வழக்கப்படி பாஸ்போர்ட்டில் மூதாதையரின் ஊரான ட்ரூப்தான் சொந்த ஊர் என்று இருக்கும். அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பார்க்காத ஊருக்காக இப்படி ஏங்கிய ஆளை ரேகுலா வேறெங்கும் கண்டதில்லை.

அவருக்காகத்தான் அவள் குளிர்காலம் முழுக்கத் தேவாலயப் பதிவேடுகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மூதாதை கிறிஸ்டெனையும் அவர் பிறந்த பண்ணைவீட்டையும் கண்டுபிடித்தாள். இதோ, மேட்டில் அந்த வீடு.

"மூத்தவன் கிறிஸ்டெனைத் துரத்திட்டுத் தம்பிக்காரன் சுருட்டிக்கிட்ட வீடு. அங்க நான் கால் வைக்கணுமா? எங்கப்பா இந்த ஊர்லயே கால் வைக்கல, தாத்தாவும் வைக்கல."

"அப்ப எதுக்குப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"பாக்கத்தான். பாத்தாச்சு."

பார்த்தாச்சாம்! கண்ணை மட்டும் அந்த வீட்டைவிட்டு எடுக்கவில்லை. அடுத்த கோடைக்கு இவர் இருப்பாரா என்பதே சந்தேகம். ரேகுலா தனியாக மேடேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

திறந்தவள் வ்ரேனி, தம்பி வழியில் அந்த வீட்டிலேயே பிறந்த ஹாபெக்கர். கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"துரத்துனாங்களா? நல்லா இருக்கே. எங்க பள்ளத்தாக்குல வீடு எப்பவும் கடைசிப் பையனுக்குத்தான். மூத்தவங்க பங்கை வாங்கிக்கிட்டு வெளிய போயிடுவாங்க. பட்டணத்துக்காரங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

ரேகுலாவின் முகம் சுருங்கியது. அப்பாவின் கோபம், தாத்தாவின் கோபம், அத்தனையும் வீண். இதை எந்த வாயால் அவரிடம் சொல்வது?

அந்தக் கவலையே இல்லாமல், ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வ்ரேனியே காருக்கு இறங்கி வந்து போட்டு உடைத்தாள்.

"எங்களுக்கும் உங்க மேல கோபம் உண்டு, பெரியப்பா," என்றாள் அவள். "போன அண்ணன் வழியில ஒருத்தர்கூட வந்து எட்டிப் பாக்கலையேன்னு தலைமுறை தலைமுறையாச் சொல்லுவாங்க. எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. சரி, மேல வாங்க. காப்பி ஆறிடும்."

பின்னாலேயே வந்த ரேகுலா நீட்டிய கையை விலக்கிவிட்டுக் கிழவர் தானே காரை விட்டு இறங்கினார்.

"உங்கப்பாவை எங்கே புதைச்சிருக்கும்மா?"

"கீழ, தேவாலயத்துக்குப் பின்னால."

"முதல்ல அங்க கூட்டிட்டுப் போ," என்றார். "வந்துட்டோம்னு சொல்லணும்."