பதினாலாவது வீடியோ

அத்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருந்தார். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவதுதான் தொழில். "கண்ணாடியப் பாரு, கிளட்ச், கிளட்ச், ஐயோ பிரேக்கு!" வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. அக்கா சமையலறையிலிருந்து சட்டென்று வெளியே வந்தால், "இண்டிகேட்டர் போடாம திரும்பறியே" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். விதியின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளையாட்டாம்!

ஒரு வருடமாகவே தொண்டை வலித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குரல் கத்திக் கத்திக் கம்மிப்போச்சு என்று சமாளித்திருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள்தான் அது எனக்குத் தெரிந்தது. நேராக வார்டுக்குப் போய், படுக்கையின் கால்மாட்டில் நின்றுகொண்டு கத்தினேன்.

"ஒரு வருஷமா வாயை மூடிட்டு இருந்திருக்கீங்க. எங்க அக்காவை நடுத்தெருவுல விட்டுட்டுப் போலாம்னு பாத்தீங்களா?"

அக்கம்பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் பதில் சொல்லப் போனை எடுத்தார். கண்ணாடி இல்லாமல், கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அரை நிமிடம் பார்த்தேன். பிறகு "ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று கிளம்பி வந்துவிட்டேன்.

அதன்பிறகு நாலு மாதம் அவர் வீட்டில் படுத்திருந்தார். நான் போகவில்லை. அக்காவிடம் ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று சொன்னேன். வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெட்கம். என்றாவது ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் காத்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா ஒரு விஷயம் சொன்னாள். அவர்கள் போனில் வீடியோ பார்ப்பதற்கு நான்தான் எப்போதோ ஒரு பிளேயர் போட்டுக் கொடுத்திருந்தேன். முகம் தெரியாத யார் யாரோ சம்பளம் இல்லாமல் எழுதி, சோர்ஸ் கோடு எனப்படும் மூல நிரலையும் ஒளிக்காமல் ஊருக்கே திறந்து வைத்திருக்கும் இலவசச் செயலி. அதில் ஒரு வசதி உண்டு. வீடியோவில் பிடித்த இடத்தில் அடையாளம் வைத்து, அதற்கு ஒரு பெயரும் எழுதி வைக்கலாம். அத்தான் படுக்கையில் கிடந்தபடி, போனில் இருந்த இருபத்திரண்டு பழைய குடும்ப வீடியோக்களில் அடையாளம் வைத்திருக்கிறார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அக்காவுக்குப் பேச்சு எழுதியிருக்கிறார்.

முதல் வீடியோவில், பேருந்து நிறுத்தத்தில் அக்கா யாரையோ பார்த்துச் சிரிக்கும் இடத்தில்: "இந்தச் சிரிப்புலதான் மாட்டினேன். பிரேக்கே பிடிக்கல." புது வீட்டுக்குச் சாமான் ஏற்றிய அன்று எடுத்ததில்: "பீரோ கண்ணாடியப் பாரு. பின்னாடி நான் உன்னைத்தான் பாத்துட்டு நிக்கிறேன்." ஒரு கடற்கரை வீடியோவில்: "இங்க நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க. காரணம் இன்னிக்கு வரைக்கும் தெரியல. இப்பவாவது சொல்லு."

அக்கா சொல்லியிருக்கிறாள், வாய்விட்டு, காலி வீட்டில்.

தினமும் வீட்டு வேலையெல்லாம் முடித்து, பதினோரு மணிக்கு ஜன்னலோரம் உட்காருவாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறிப்பு. அதைப் படித்து, அந்த இடத்தைப் பார்த்து, அதற்குப் பதில் சொல்லி, போனை அணைத்துவிடுவாள். அடுத்ததை எட்டிப் பார்க்கமாட்டாள். அக்கா எப்போதுமே அப்படித்தான். தொடர்கதையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுபவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"உனக்கும் ஒண்ணு வெச்சிருக்காரு" என்றாள்.

"எனக்கா?"

"கடைசி வாரத்துல எழுதிக் காட்டினாரு. பதினாலாவது வீடியோல உன் தம்பிக்கு ஒண்ணு இருக்கு, அவனே வந்து பாக்கட்டும்னு. நான் இன்னும் ஆறாவதுலதான் இருக்கேன். தாண்டிப் போய்ப் பாக்க மாட்டேன். நீ வந்து உன்னதைப் பாத்துக்கோ."

அந்த வார்டில் அவர் அடிக்க ஆரம்பித்த பதில் அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திட்டியிருப்பாரோ, மன்னித்திருப்பாரோ. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு ஞாயிறு போனேன். அதற்கு முந்தின நாள்தான் செயலி தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. வீடியோ ஓடியது. குறிப்புகளின் பட்டியலைத் தொட்டால் மட்டும் செயலி படக்கென்று மூடிக்கொண்டது. எந்த வீடியோவானாலும் அதே கதைதான்.

"நேத்துலேர்ந்து இப்படித்தான்டா பண்ணுது" என்றாள் அக்கா. "எல்லாம் போயிடுச்சா?"

"போகலக்கா. உள்ள பத்திரமா இருக்கு. கதவு மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அத்தானுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காதவன் நான். இதையாவது சரிசெய்து கொடுக்கலாம். பன்னிரண்டு வருடமாகப் போன் செயலி எழுதித்தான் பிழைக்கிறேன்.

அந்தத் தன்னார்வலர்களிடம் பிழையைச் சொல்லி எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம், நிரலில் ஐந்து வரி, திருத்தியாகிவிட்டது, அடுத்த பதிப்பில் வரும், எப்போது என்று சொல்ல முடியாது, அவசரம் என்றால் மூல நிரலிலிருந்து நீங்களே செயலியைக் கட்டிக்கொள்ளலாம், அதாவது கம்பைல் செய்துகொள்ளலாம். அந்தப் பதிப்பு வரத்தான் செய்தது. நான் செய்வதைச் செய்து முடித்து ஒன்பது நாள் கழித்து.

எனக்கு அவசரம். நிரலை இறக்கினேன். அரிசியும் பருப்பும் கொடுத்துவிட்டு அடுப்பை நீயே பற்ற வை என்பதுபோலத்தான் அது. அந்தக் கருவி இந்தப் பதிப்பில்தான் வேண்டும், இந்த நிரல் நூலகம் அந்தப் பதிப்பில்தான் வேண்டும் என்று ஒவ்வொன்றும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முறுக்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் ஓடி, தொண்ணூற்றாறு சதவீதத்தில் நினைவகம் போதவில்லை என்று கையை விரிக்கும். மறுபடி முதலிலிருந்து. ஆபீஸ் விட்டு வந்து தினமும் இதே பிழைப்பு. மடிக்கணினியின் விசிறி இரைகிற இரைச்சலில் பக்கத்துக் குடித்தனக்காரர் வந்து என்ன மாவு அரைக்கிறாயா என்று கேட்டார்.

அந்த மூன்று வாரமும் அக்கா தினம் பதினொன்றேகாலுக்குப் போன் செய்வாள். "ஆச்சாடா?" என்ற ஒரே கேள்விதான். "இன்னும் ரெண்டு நாள்க்கா" என்பேன். அவள் அந்தக் கால் மணி நேரம் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இருபதாவது நாள் கம்பைல் ஆனது. என் போனில் ஏற்றினேன். குறிப்புப் பட்டியல் திறந்தது. நாற்பது தடவை அழித்து அழித்து ஏற்றிச் சோதித்தேன். ஒருமுறைகூட மூடிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். முதல் வேலையாக இருபத்திரண்டு வீடியோக்களையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். எடுத்து முடித்து, "எல்லாம் பத்திரம்க்கா" என்றேன். அக்கா குளித்து, தலைவாரி, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மணி பத்தே முக்கால்.

போனைக் கேபிளில் மாட்டினேன். செயலி தன் நிலவரத்தை எழுதி வைக்கும் பதிவேட்டை ஒருமுறை மடிக்கணினியில் வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு, நான் கட்டிய செயலியைப் போனில் ஏற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன்.

எந்தச் செயலியிலும் அதைக் கட்டியவரின் முத்திரை ஒன்று இருக்கும். அக்கா போனில் இருந்தது அந்தத் தன்னார்வலர்களின் முத்திரை போட்டது. நான் கட்டியதில் என் முத்திரை. முத்திரை மாறினால், பழையதன்மேல் புதியதை ஏற்றப் போன் சம்மதிக்காது. பழையதை அழித்தால்தான் ஏற்றும். அழித்தால் அதற்குள் சேமித்தது எல்லாம் அதோடு போகும். கணினி அதைத்தான் என்னிடம் கேட்டது. எச்சரிக்கை என்று போட்டு, உள்ளே உள்ள தகவல் அழிந்துவிடும், அழிக்கட்டுமா என்று கேட்டது.

வேலையில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தக் கேள்வி வரும். ஐம்பது தடவையும் சரி என்று அழுத்துவேன். கை தானாகப் போய் அழுத்தியது.

குறிப்புகள் வீடியோவுக்குள் இல்லை, செயலிக்குள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாதா? அதைச் சேமிக்கிற நிரலை மூன்று வாரமாக வரி வரியாகப் படித்தவன் நான். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லி அழுதாலும் யாருக்கும் புரியாது. எனக்கே புரியவில்லை.

செயலி திறந்தது. பதினாலாவது வீடியோவைத் தொட்டேன். பட்டியலைத் தொட்டேன். மூடிக்கொள்ளவில்லை, அழகாகத் திறந்தது. குறிப்புகள் ஏதும் இல்லை என்று காட்டியது. முதல் வீடியோவுக்கு ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் அக்கா சிரித்தாள். அங்கேயும் ஏதும் இல்லை.

"வந்துருச்சா?" என்றாள் அக்கா.

என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"நான் அழிச்சுட்டேன்க்கா."

"என்னது?"

"எல்லாத்தையும். அத்தான் எழுதினதை. நானேதான் அழிச்சேன்."

அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருக்கலாம். சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஏதும் கழுவுவதாகத் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் வெகுநேரம் ஓடியது.

நான் பைத்தியம் பிடித்தவன்போலத் தேடினேன். இணையத்தில் நகல் வைக்கும் மேகச் சேமிப்பு எப்போதோ நிரம்பி நின்றுபோயிருந்தது. அழிந்ததை மீட்கும் வேலை செய்கிற நண்பனைக் கூப்பிட்டேன். இந்தக் காலத்துப் போனில் அழிந்தது அழிந்ததுதான், எல்லாம் மறையாக்கம் செய்து பூட்டியிருக்கும், தலைகீழாக நின்றாலும் வராது என்றான். மிச்சம் இருந்தது, அழிப்பதற்குமுன் நான் வாங்கிய பதிவேடு ஒன்றுதான். அதில் பேச்சு எதுவும் இல்லை, ஒரே ஒரு எண்ணிக்கை இருந்தது. சேமித்த குறிப்புகள், இருநூற்று மூன்று.

அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"உன்னதை நான் படிச்சேன்டா" என்றாள்.

"பதினாலாவதையா? நீதான் தாண்டிப் போக மாட்டியே."

"போனேன். மனசு கேக்கல, ஒரு நாள் போய்ப் பாத்துட்டேன். உன்கிட்ட சொல்லல."

"என்ன எழுதியிருந்தாரு?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அவன் கோபப்பட்டது நியாயம்தான். அக்கா மேல உள்ள பாசத்துல கேட்டான். எனக்கு அவன் மேல வருத்தம் எதுவும் இல்லை. அவ்ளோதான்."

அதில் பிரேக்கும் இல்லை, கிளட்சும் இல்லை. ஒரு கிண்டல்கூட இல்லை. அத்தான் எழுதியது என்றால் பச்சைக்குழந்தைகூட நம்பாது. இருந்ததெல்லாம் கண்முன்னால் பறிபோய் அரைமணி ஆகவில்லை, பறித்தவனுக்காக உட்கார்ந்து யோசித்து ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்படியாக்கா?" என்றேன்.

"ஆமாடா. நீ மனசுல வெச்சுக்காத."

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் எம்பத்தாறு படிச்சிருக்கேன். எண்ணிட்டேதான் வந்தேன். மிச்சம் எவ்ளோடா இருந்திருக்கும்?"

மடிக்கணினியின் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அந்த எண் அதில் அப்படியே இருந்தது.

"அதிகமில்லக்கா. நாலோ அஞ்சோ. கடைசிப்பக்க வீடியோ எதுலயும் அவர் எழுதவே இல்ல. முடியாமப் போயிருக்கும்."

"நாலஞ்சுதானா?"

"அவ்ளோதான்க்கா."

அவள் மூச்சை விட்டாள். தோள் கொஞ்சம் இறங்கியது. "அப்ப கிட்டத்தட்ட எல்லாத்தையும் கேட்டுட்டேன். முடியப்போகுதேன்னு தினமும் பயந்துட்டேதான் உக்காருவேன். எப்படியும் இந்த வாரத்தோட தீர்ந்திருக்கும், இல்ல?"

"தீர்ந்திருக்கும்க்கா" என்று சொல்லி, மடிக்கணினியை மூடினேன்.

மிச்சம் இருந்தது நூற்றுப் பதினேழு. அதில் ஒன்று என்னுடையது. மற்ற நூற்றுப் பதினாறும் அவளுடையவை. இன்னும் நாலு மாதம் அவர் அவளோடு பேசிக்கொண்டிருந்திருப்பார்.