மணலேறிய வெள்ளிக்கிழமை

எட்ஃபு படித்துறையில் அன்று ஐந்து சுற்றுலாக் கப்பல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நைலில் அதுதான் வழக்கம். முதல் கப்பலைக் கரையோடு கட்டு, இரண்டாவதை முதலாவதோடு கட்டு, இப்படியே ஆற்றுக்குள் கட்டிக்கொண்டே போ. கடைசிக் கப்பல்காரன் கரைக்குப் போக வேண்டுமானால் மற்ற நான்கு கப்பல்களின் வரவேற்புக் கூடத்தையும் மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். அடுத்தவன் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்து தெருவுக்குப் போவது மாதிரி. யாரும் தடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

கரையிலிருந்து மூன்றாவதாக நின்றது நர்கிஸ். அதில் அபாதீர் இரண்டாம் ஆள். நாற்பத்தாறு வயது; இருபத்திரண்டு வருடமாக இந்த ஆற்றில் சுக்கான் பிடிக்கிறவன். ஆனாலும் கப்பலை நடத்துகிற தலைவனுக்குரிய 'ரயீஸ்' என்ற பெயரால் அவனை இன்றுவரை ஒருத்தனும் கூப்பிட்டதில்லை. காரணம் ஒன்றே ஒன்று. பதினோரு வருடத்துக்கு முன்னால், இதே எட்ஃபுவுக்கு எதிரே நடு ஆற்றில் கிடக்கிற மணல்திட்டில் ஒரு கப்பலை ஏற்றிவிட்டான். பத்தொன்பது மணி நேரம் கப்பல் அசையவில்லை. கடலில் கப்பல் மூழ்கினால் விதி என்று அழுவார்கள். நைலில் கப்பல் மணலேறினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு லக்ஸோரிலிருந்து அஸ்வான் வரைக்கும் கரையோரமாகவே அவனோடு நடந்து வந்தது.

அன்று காலையில்கூட அவன் முதல் ரயீஸ் பதவிக்கான விண்ணப்பத்தை நர்கிஸின் ரயீஸ் தசூக்கியிடம் நீட்டியிருந்தான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது மேலே போகும்.

"போடமாட்டேன் அபாதீர்," என்றார் தசூக்கி, டீயை உறிஞ்சிக்கொண்டே. "உனக்குக் கை நல்லாத்தான் இருக்கு. ஆனா நூறு பேரு உசுரை உன் கையில குடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது? சொல்லு பாப்போம்."

"பதினோரு வருஷம் ஆச்சு ரயீஸ்."

"மணலுக்கு வருஷம் கணக்குத் தெரியாதுப்பா."

அபாதீர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நண்பகல் ஆனது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஐந்து கப்பல் ரயீஸ்களும் சலவை வெளுப்பில் நீள ஜிலாபியா அங்கி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அபாதீர் கிறிஸ்தவன். வெள்ளிக்கிழமை அவன் கப்பலைப் பார்த்துக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போகும்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான், யாருக்கும் குறையில்லை. ஆனால் அன்று நடந்த கூத்து என்னவென்றால், மற்ற ரயீஸ் ஒவ்வொருவரும் போகிற போக்கில் நர்கிஸில் நின்ற அபாதீரைக் கூப்பிட்டு, "நம்மளதையும் ஒரு கண்ணு பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, தன் இரண்டாம் ஆளையும் எஞ்சின்காரனையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவது கப்பலின் ரயீஸ் பத்ரான் மட்டும் நின்று, "ஒரு கண்ணு போதும்பா. ரெண்டு கண்ணால பாத்தா நீ மணலைத்தான் பாப்ப!" என்று கேலி செய்துவிட்டுப் போனார். ஒவ்வொரு கப்பலிலும் சுக்கான் தெரிந்த ஒருத்தன் எந்நேரமும் இருக்க வேண்டும் என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. வெள்ளிக்கிழமை யார் அதைப் புரட்டுகிறார்கள்? ஐந்து கப்பலுக்கும் ஒரே ஒரு அபாதீர்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் தொடங்கிக் கால் மணி நேரம் இருக்கும். இரண்டாவதாக நின்ற சஹ்ரா கப்பலின் அடுக்களையில் கத்தரிக்காய் வறுத்த எண்ணெய்ச் சட்டி குப்பென்று பிடித்துக்கொண்டது. சமையல்காரன் பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டினான், பாவி. நெருப்பு புகைக்கூண்டு வழியாக ஏறி, மேலே சாப்பாட்டுக் கூடத்தின் திரைச்சீலையைப் பற்றியது. சஹ்ராவில் இருந்தவர்களும் முதல் கப்பலில் இருந்தவர்களும் அடித்துப் பிடித்துக் கரைக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுக்கு வழி இருந்தது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கப்பல்காரர்களுக்கு? அவர்கள் கரைக்குப் போகிற ஒரே வழி எரிகிற சஹ்ராவின் கூடம்.

அபாதீர் சுக்கான் அறைக்குப் பாய்ந்து ஏறினான். தசூக்கிக்குப் போன் அடித்தான். அவர் போன் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே சார்ஜரில் கிடந்து கத்தியது.

"சரிதான் போ!" என்றான் அபாதீர்.

கீழே பயணிகள் கும்பலாகக் கதவை நோக்கி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்த நேரம், ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் கப்பலில். வழிகாட்டிப் பெண் மெர்வத் நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்த அபாதீரைக் கண்டதும், "அண்ணே, எந்தப் பக்கம் அனுப்பட்டும்? சீக்கிரம் சொல்லுங்க!" என்றாள்.

"அந்தப் பக்கம்! கடைசிக் கப்பலுக்கு! எல்லாரையும் தள்ளிட்டுப் போம்மா, இந்தக் கதவு பக்கம் ஒருத்தன் வரக்கூடாது!"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்!"

எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்பது அவனுக்கே தெரியாது. மூன்று கப்பல்களையும் சஹ்ராவிடமிருந்து பிரித்தாக வேண்டும். ஆனால் எஞ்சின்காரன் இருப்பது நர்கிஸில் மட்டும்தான். முழங்கால் வலியால் தொழுகைக்கு மெதுவாகப் போகலாம் என்று தங்கிவிட்ட ஷஹாத்தா. மற்ற இரண்டின் எஞ்சின் அறைகளும் பூட்டிக் கிடந்தன. கட்டை அவிழ்த்து விட்டால் ஆறு மூன்றையும் வடக்கே இழுத்துக்கொண்டு போகும். முந்நூறு மீட்டர் கீழே இன்னொரு வரிசையில் ஆறு கப்பல்கள், அதிலும் ஜனங்கள். ஒரு எஞ்சினால் மூன்று இரும்பு மலைகளை நீரோட்டத்துக்கு எதிராக எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்த முடியும்? ஐந்து நிமிடம். ரொம்ப இரக்கப்பட்டால் ஏழு.

கிழக்கே பார்த்தான். நடு ஆற்றில், பச்சை நாணல் தலையோடு, அந்தத் திட்டு கிடந்தது.

"அட, நீயா!" என்று வாய்விட்டே சொன்னான்.

அந்தத் திட்டை அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த ஆற்றில் எவனும் இல்லை. பத்தொன்பது மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் நடந்தவன் அவன்தானே. அதன் நடுவயிற்றில் பழைய கட்டடக் கல் புதைந்து கிடக்கிறது. அதில் பட்டால் கப்பலின் அடி கிழியும். தெற்கு நுனியில் மட்டும் ஒரு கப்பல் நீளத்துக்கு வெண்ணெய் மாதிரிச் சேறு. மற்ற ரயீஸ்களுக்கு அந்தத் திட்டு தள்ளிப் போக வேண்டிய இடம், அவ்வளவுதான். அபாதீருக்கு அதன் தோலே அத்துப்படி.

மணலில் ஏற்றப் போகிறான். வேண்டுமென்றே, பட்டப்பகலில், எட்ஃபு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. இதற்கப்புறம் எவன் கையெழுத்துப் போடுவான்? அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. போய்த் தொலை என்று விட்டான்.

"ஷஹாத்தா! எஞ்சினைக் கிளப்பு! அதுகிட்ட இருக்கிறதையெல்லாம் குடு!"

"எங்கடா போறோம்?" என்று எஞ்சின் அறைப் பேச்சுக்குழாய் வழியாகக் கேட்டது கீழேயிருந்து.

"திட்டுக்கு!"

"உனக்குப் பைத்தியம்தான். சரி, இந்தா," என்றான் ஷஹாத்தா. எஞ்சின் உறுமியது.

நர்கிஸின் சமையல்காரர் இறைச்சி வெட்டும் கத்தியோடு வந்து சஹ்ராவோடு கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். நெருப்பின் அனலில் அவர் புருவம் பொசுங்கியது. கரைக்குப் போகும் நீளக் கயிறுகளையும் வெட்டிப் போட்டார். மூன்று கப்பல்களும் ஒரு முறை குலுங்கி, சஹ்ராவிடமிருந்து ஒரு சாண் விலகின. அப்புறம் ஒரு முழம். இடையில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. யாரோ அழுதார்கள், யாரோ கைதட்டினார்கள்.

அப்போதுதான் அபாதீர் அதைப் பார்த்தான். கடைசிக் கப்பலின் பணியாள் ஒருத்தன், நல்ல தடிமாடு மாதிரி ஆள், கோடரியால் நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்துக் கட்டிய கயிற்றைக் கொத்திக்கொண்டிருந்தான். தன் கப்பலை மட்டும் தப்ப வைக்கிறானாம்! எஞ்சின் ஓடாத கப்பல், பயணிகள் அத்தனை பேரும் அதில்தான் நிற்கிறார்கள், அது நேராகப் போய்க் கீழ் வரிசை மேல்தான் மோதும்.

அபாதீர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினான். "டேய்! அந்தக் கயிறை அறுத்தே, நான் உன் கையை அறுப்பேன்! போடு கீழ கோடரியை!"

"உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று அவன் திருப்பிக் கத்தினான். "நீங்க எங்க ரயீஸ் இல்ல!"

"உங்க ரயீஸ் தொழுகையில இருக்காரு! அவரு வந்து கேட்டா அபாதீர் சொன்னான்னு சொல்லு! பழி என் தலையில! போடு!"

எந்தத் தொனியில் சொன்னானோ தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரல் அவனுக்குள் எங்கே இருந்தது என்று அவனுக்கே ஆச்சரியம். தடியன் கோடரியைப் போட்டான்.

மூக்கைத் தெற்கே கொஞ்சம் கிழக்காகச் சாய்த்துப் பிடித்தான் அபாதீர். எஞ்சின் முன்னால் தள்ள, ஆறு பின்னால் இழுக்க, மூன்று கப்பல்களும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஆற்றைக் கடந்தன. சுக்கானைக் கொஞ்சம் அதிகமாக ஒடித்தால் நீரோட்டம் அள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் குறைத்தால் திட்டின் கல் வயிற்றில் போய் விழ வேண்டியதுதான். வியர்வை கண்ணில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. கீழ் வரிசைக் கப்பல்களின் தளங்களில் ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. நாணலின் முதல் கொத்து கடந்தது. இரண்டாவது கொத்து.

"எல்லாரும் உக்காருங்க! தரையில உக்காருங்க!" என்று மெர்வத் ஐந்து மொழியில் கத்தினாள்.

ஐந்தாவது கப்பலின் வயிறு சேற்றில் இறங்கியது. சத்தமே இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரி. பிறகு நான்காவது அதன்மேல் சாய்ந்து நின்றது. நர்கிஸ் ஆழத் தண்ணீரிலேயே நின்றது, எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை.

கரையில் தீயணைப்பு வண்டி வந்து சஹ்ராவின் மேல் தண்ணீர் அடிக்கத் தொடங்கியிருந்தது. அபாதீர் சுக்கானைவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

தொழுகை முடிந்து வந்த ஐந்து ரயீஸ்களும் கரையோரம் செருப்பில்லாமல் ஓடி வந்தார்கள். சஹ்ராவின் ரயீஸ் தன் கப்பலோடு நின்றுவிட்டார். மற்ற நால்வரும் ஒரு மோட்டார் படகைப் பிடித்துத் திட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுடைய வெள்ளிக்கிழமை உடுப்பு முழங்கால் வரைக்கும் சேறு. பூட்டிக் கிடந்த எஞ்சின்களின் ஆட்களும் பின்னாலேயே வந்து தங்கள் கப்பல்களில் ஏறினார்கள்.

தசூக்கி சுக்கான் அறைக்குள் நுழைந்தார். ரயீஸ் உள்ளே வந்தால் இரண்டாம் ஆள் இருக்கையைவிட்டு எழுந்துவிட வேண்டும், அது இந்த ஆற்றின் மரியாதை. அபாதீர் எழுந்து ஒதுங்கி நின்றான்.

"யாருக்காவது அடியா?" என்று கேட்டார் தசூக்கி.

"சஹ்ரா சமையல்காரனுக்குக் கை வெந்திருக்காம். நம்ம மூணு கப்பல்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல ரயீஸ். இருநூத்தி எண்பத்து மூணு பேரு. மெர்வத் ரெண்டு தடவை எண்ணிட்டா."

கதவில் நின்ற பத்ரானுக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன். ஆளு திரும்பவும் போய் அதே திட்டுல..."

"பத்ரான்," என்றார் தசூக்கி, திரும்பாமலே. "உன் கப்பல் இந்நேரம் கீழ் வரிசை மேல ஏறி ரெண்டா பிளந்து கிடக்கணும். அது முழுசா நிக்குது. அதுக்குள்ள முழுசா ஆளு இருக்கு. வாயை மூடிக்கிட்டு நில்லு."

பத்ரான் வாயை மூடினார். தசூக்கி ஜன்னல் வழியாகத் திட்டின் தெற்கு நுனியைப் பார்த்தார். அப்புறம் கல் புதைந்த அந்த நடுவயிற்றைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மனத்துக்குள் அளப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானா இருந்தா கல்லு மேல போயிருப்பேன்," என்றார் மெதுவாக. "எனக்கு இந்த இடம் தெரியாது."

ஒரு முதல் ரயீஸ் இன்னொருத்தன் முன்னால் அப்படிச் சொல்லி அங்கே நின்ற எவரும் கேட்டதில்லை.

"ஏன் நிக்கற? உக்காரு," என்றார் அபாதீரைப் பார்த்து. "மத்த எஞ்சினும் கிளம்பிருச்சு. ஏத்தினவன்தான் இறக்கணும்."

மூலையில் சாத்தி வைத்திருந்த ஆழம் பார்க்கும் கழியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். கப்பலிலேயே கடைசி ஆள் செய்கிற வேலை அது. நான்காவது கப்பலைத் தாண்டி, ஐந்தாவதன் மூக்கில் போய் நின்று, ஜிலாபியாவை இடுப்பில் சொருகிக்கொண்டு கழியைத் தண்ணீரில் விட்டார். மற்ற ரயீஸ்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். கடைசியாகப் பத்ரானும் பிடித்தார்.

"ரெண்டரை முழம், ரயீஸ்!" என்று அங்கிருந்து கூப்பிட்டார் தசூக்கி.

அபாதீர் அறைக்குள் சுற்றிப் பார்த்தான்; வேறு ரயீஸ் யாரும் இல்லை.

"ரெண்டரை முழம்! என்ன செய்யணும், சொல்லுங்க ரயீஸ்!"

அபாதீர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். சுக்கானைப் பிடித்தான். மார்பு விரிந்தது, விரிந்ததை மறைக்க அவன் முயலவும் இல்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"எஞ்சின் சத்தத்துல சரியாக் கேக்கல ரயீஸ் தசூக்கி! இன்னும் உரக்கச் சொல்லுங்க!"

தசூக்கி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இரண்டு கரையிலும் நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.