கொக்கு மார்க் சட்டை

நெஞ்சில் பிராணி குத்திய சட்டையோடு யாராவது மிடுக்காக வந்தால் செவ்வந்திக்குச் சிரிப்பு வரும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் செக்கிங்கில் நின்றவள் அவள். காலர் வைத்த டீ-ஷர்ட், பெரிய மனுஷர்கள் போலோ என்கிறார்களே, அது தினம் அறுநூறு உருப்படி அவள் கையில் புரண்டிருக்கிறது. ஒரே துணி, ஒரே மேஜை, ஒரே தையல்காரி. பாதிக்கு மான் குத்துவார்கள், பாதிக்குக் கொக்கு குத்துவார்கள். மான் குத்தியது கடைக்குப் போய் இரண்டு மடங்கு விலைக்கு விற்கும். மானுக்காக உயிரை விடும் ஜனங்களை நினைத்து அவளும் கூட நின்ற பெண்களும் மதியச் சோற்றுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் சிரிப்புக்கு ஒரு முகம் கிடைத்தது. நாகநாதன்.

திருவாரூர்ப் பக்கம் அறுபது ஏக்கர் நிலம் அவருக்கு. எந்தக் கட்சி கோட்டையில் இருக்கிறதோ அந்தக் கட்சிக் கரை போட்ட வேட்டி அவர் இடுப்பில் இருக்கும். ஆட்சி மாறிய மறுநாள் கரையும் மாறிவிடும். மகன் சிங்கப்பூர் போன பிறகு இடுப்புக்கு மேலேயும் மாற்றம் வந்தது. தொப்பை மேல் இறுகப் பிடித்த மான் மார்க் போலோ. "ஒரிஜினல்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். காலர் ஓரம் அலை அலையாகச் சுருண்டு கிடப்பதைச் செவ்வந்தி தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டாள். அவள் மேஜைக்கு வந்திருந்தால் அந்த உருப்படி கழிவுக் கூடைக்குத்தான் போயிருக்கும்.

அவளுடைய அப்பா கோவிந்தராசு அந்த நாகநாதனுடைய நிலத்தில் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குப் பயிரிடுகிறார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். விதை, உரம், உழவு எல்லாம் இவர்கள் கைக்காசு. அறுப்பு முடிந்தால் குத்தகை நெல் நாகநாதன் வீட்டுக்குப் போய்விடும். ஒரு வருஷமாவது ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை. கேட்டால், "நமக்குள்ள என்ன ரசீது, கோவிந்தராசு" என்பார். நமக்குள்ளே என்ற வார்த்தை அவருக்கு அப்போது மட்டும்தான் வாயில் வரும்.

அந்த ஆறு மாவும் தார் ரோட்டை ஒட்டி இருந்தது. அதுதான் வினை. மனை போட்டு விற்கிறவர்கள் இரண்டு தடவை காரில் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்ததும் செவ்வந்தி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சொல்லித் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டாள். பதிவாகிவிட்டால் லேசில் கிளப்ப முடியாது. பதிவாகாவிட்டால் அடுத்த நடவு இல்லை. நாகநாதன் கோபப்படவில்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

வைகாசியில் அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வந்தது. வேன் வைத்து ஊரையே அழைத்துப் போனார். அறுபதாம் கல்யாணத்தில் தம்பதி கையால் கொடுக்கிற துணியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அங்கேயே உடுத்திக்கொண்டு காலில் விழுந்து கும்பிட வேண்டும். எல்லா வீட்டிலும் வேட்டி துண்டு கொடுப்பார்கள். இவர் போலோ கொடுத்தார். உறவுக்காரர்களுக்கு மான். வயலில் கால் வைக்கிறவர்களுக்கு, பச்சை நிறத்தில், கொக்கு. அப்பா அதை மாட்டிக்கொண்டு புது மாப்பிள்ளை போல நெளிந்தார். நாகநாதன் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளில் பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் செவ்வந்தி சட்டையைக் கேட்டு வாங்கினாள். அப்பா பெருமையாக, துணி எப்படி என்றார். துணியைக் குறை சொல்ல முடியாது. கனம் இருந்தது, பின்னல் நெருக்கமாக இருந்தது, காலர் படிந்து உட்கார்ந்தது. நாகநாதனின் மானைவிட இந்தக் கொக்கு நூறு மடங்கு தேவலை. விலையைப் பார்த்து வாங்குகிறவனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அப்புறம்தான் கைப்பக்கம் திருப்பினாள். வலது கை மடிப்பில் மஞ்சள் நூலில் எழுத்து. 'நாகநாதன் பண்ணை.'

"அப்பா, இதைப் படிச்சீங்களா?"

படித்தாராம். கொடுத்தவர் பேர் போடுவது வழக்கம்தானே, பாத்திரத்தில் போடவில்லையா என்றார். செவ்வந்தி ஆத்திரத்தோடு கேட்டாள். பாத்திரத்தில் பேர் போட்டால் பாத்திரம் அவருடையது. ஆள் மேல் போட்டால்? அப்பா அதற்குப் பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் பயந்தபடியே நடந்தது. ஆவணியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தாசில்தார் ஒரு அம்மா. அதிகம் பேசாதவர், யாரையும் நடுவில் தடுக்காதவர். பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணு வந்து, அந்த ஆறு மாவில் கோவிந்தராசுதான் இறங்கி வேலை செய்கிறார், சிறு வயதிலிருந்து பார்க்கிறேன் என்று சாட்சி சொன்னார். நாகநாதன் அதை மறுக்கவே இல்லை. ஆமாம், வேலை செய்கிறான், கூலிக்குச் செய்கிறான், என் பண்ணை ஆள் என்றார். எட்டு வருஷமாகப் பண்ணை ஆட்களுக்கு வருஷா வருஷம் பேர் போட்ட சட்டை கொடுத்து வருகிறேன் என்று சொல்லி, திருக்கடையூர்ப் படத்தை மேஜையில் வைத்தார். கூடவே வெளுத்துப்போன ஒரு பச்சைச் சட்டை. இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் கொடுத்தது, கோவிந்தராசு பழசைத் திருப்பிக் கொடுத்துப் புதுசு வாங்கியபோது எடுத்து வைத்தது என்றார். அவருடைய பண்ணைக் கணக்கைப் பார்க்கிற காரியக்காரர் ரெத்தினம் தரையைப் பார்த்தபடியே ஆமாம் போட்டார்.

படம் அப்பாவைக் கொன்றுவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிக்கும் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். நாகநாதன் நாற்காலியில் சாய்ந்து, மான் மேல் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

செவ்வந்தி எழுந்து, அந்தச் சட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். தாசில்தார் தலையசைத்தார். ஒன்பது வருஷத்துப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. காலரை விரித்தாள், அக்குளைத் தடவினாள், பொத்தான் பட்டியை இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. விசாரணையில் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது வயக்காட்டுல உழைச்ச சட்டை இல்லைங்க. வெயில்ல வெளுத்தா தோளுதான் மொதல்ல வெளுக்கும். இது மேலயும் கீழயும் ஒண்ணா வெளுத்திருக்கு. கழுத்துல வேர்வைக் கறை இல்ல, அக்குள்ல உரசி உரசி நூல் திரளும், அப்படி ஒரு முடிச்சுகூட எழும்பல. வேணும்னே மருந்துல போட்டு வெளுக்க வச்சதுங்க."

நாகநாதன், துணி வெளுக்கிறவளுக்கு வக்கீல் வேலை எதற்கு என்றார். செவ்வந்தி அவர் பக்கம் திரும்பவில்லை. பத்தாம் வருஷம் இந்த மாதிரிச் சட்டைக்கு மூன்று பொத்தான், முழங்கை தொடுகிற கை, தொளதொள உடம்பு. அப்போது அதுதான் ஸ்டைல். இது இரண்டு பொத்தான், ஒட்டின உடம்பு. இரண்டு வருஷமாகத்தான் இந்த வெட்டு ஓடுகிறது என்று எடுத்துச் சொன்னாள். ஸ்டைல் பேச்சுக்கெல்லாம் சாட்சி மதிப்பு கிடையாது என்றார் நாகநாதன். அது சரிதான் என்று தாசில்தாரும் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

செவ்வந்தி சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். இடுப்புப் பக்கத் தையலில், நகத்தளவுக்கு மடிந்து கிடந்தது ஒரு வெள்ளை லேபிள். எப்படித் துவைக்க வேண்டும் என்று படம் போட்டிருக்குமே, அது. வாங்குகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. உறுத்துகிறது என்று கத்தரித்துப் போடுவார்கள். அதன் பின்பக்கம் எந்தப் பருவத்துச் சரக்கு, எந்த வருஷம், எந்த ஆர்டர் என்று பொடி எழுத்தில் இருக்கும். அதைச் சரிபார்ப்பதுதான் அவள் சம்பளம் வாங்கிய வேலை. பையிலிருந்து அப்பாவின் சட்டையையும் எடுத்து, இரண்டு லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

தாசில்தார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டிலும் இந்த வருஷம்தான், இரண்டாயிரத்துப் பதினெட்டு, கோடை. ஒரே ஆர்டர் எண். சாயம் போன துணியில் அந்த எழுத்து மட்டும் மங்காமல் இருந்தது.

"பத்தாம் வருஷம் குடுத்த சட்டையைப் பதினெட்டாம் வருஷம் தச்சாங்களா?" என்று தாசில்தார் ரெத்தினத்தைத்தான் கேட்டார்.

ரெத்தினம் நாகநாதனைப் பார்த்தார். நாகநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"கல்யாணத்துல மிஞ்சின சட்டைங்க. ஐயாதான் ப்ளீச்சிங் பவுடர்ல ஊறப் போடச் சொன்னாங்க."

வெளியே வந்ததும் நாகநாதன் ரெத்தினத்தைப் படியிலேயே பிடித்து ஏசிக்கொண்டிருந்தார். அத்தனை விலை கொடுத்து வாங்கினேன், பிராண்ட் சரக்கு, கெடுத்துவிட்டாயே என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன செவ்வந்தி நின்றாள்.

"அவரைத் திட்டாதீங்க. சந்தைல நூறு ரூபாய்க்குச் சட்டை வாங்கியிருந்தா உள்ள லேபிளே இருந்திருக்காது. பெருமைக்கு வாங்குனீங்க, மாட்டுனீங்க."

கார்த்திகையில் உத்தரவு வந்தது. குத்தகைதாரர் என்ற இடத்தில் கோவிந்தராசு என்று எழுதியிருந்தது. அப்பா அதை நாலு தடவை படிக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் செவ்வந்தி பிளேடும் ஊசியுமாக உட்கார்ந்து, அந்தப் பச்சைச் சட்டையின் கையிலிருந்து மஞ்சள் நூலை ஒவ்வொரு இழையாக உருவினாள். முதலில் 'பண்ணை' போயிற்று, அப்புறம் நாகநாதன். கொக்கை மட்டும் விட்டுவைத்தாள். அது ஒரு பாவமும் அறியாது. இனிமேல் அந்தக் கருமத்தைத் தொட மாட்டேன் என்றார் அப்பா. துணி நல்ல துணி, அதன் மேல் என்ன கோபம் என்று அவள் விடவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் சட்டையோடு அப்பா சம்பாவுக்குத் தண்ணீர் திருப்ப மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார். ரோட்டில் நாகநாதனின் கார் வந்தது. வயலோரம் வந்ததும் வேகம் குறைந்தது, கண்ணாடி பாதி இறங்கியது. இத்தனை வருஷமும் கார் சத்தம் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிற கோவிந்தராசு, அன்றைக்குத் துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு மடையை வெட்டினார்.