ஒத்தக்கண்ணு அண்ணனின் முறை

அந்த பில்லியர்ட்ஸ் கூடத்தில் பரிசுப் பணம் என்றால், நுழைவுக் கட்டணத்தைத் திரட்டி, கரண்ட் செலவும் டீச் செலவும் போக மிஞ்சுவதுதான். போன வருடம் ஜெயித்தவர் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, ஆட்டோ கட்டுப்படியாகாது என்று நடந்தே வீட்டுக்குப் போனார்.

இந்த வருடம் கதையே வேறு. மாரடைப்பில் போன ஒத்தக்கண்ணு அண்ணனின் மனைவி, கூடத்தில் எல்லோருக்கும் அக்கா, இன்சூரன்ஸில் வந்த பணத்தில் ஒரு கட்டைப் பரிசுக்கென்று கூடத்துக்காரர் முன்னால் வைத்தாள். ஒரே நிபந்தனை: போட்டியில் அவர் பெயரும் இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடித்தான் குறி பார்ப்பார் மனுஷன். அதனால் அந்தப் பெயர். இரண்டையும் திறந்திருந்தால் தேறியிருப்பாரோ என்னவோ, உயிரோடு இருந்தவரை முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

செத்தபிறகு தாண்டினார். கால் மணி நேரத்துக்குள் வராதவர் தோற்றவர் என்பது விதி. மேசையில் அண்ணனின் ஸ்டிக்கும் பக்கத்தில் அக்காவும் இருப்பதைப் பார்த்த முதல் சுற்று எதிராளியான லாரி ஓட்டுநர், வண்டி நிறுத்திய இடம் சரியில்லை என்று போனவர் போனவர்தான். அரையிறுதியில் வங்கிக் குமாஸ்தாவுக்குக் காலையிலேயே காய்ச்சல். இரண்டு பக்கமும் ஆள் இல்லாத ஆட்டத்தில், பணம் கொடுத்த பக்கத்துக்கே தீர்ப்பு எழுதினார் கூடத்துக்காரர்.

இறுதி ஆட்டத்துக்கு வந்தவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மச்சான் கடையில் கூலி வேலை. "என் தங்கச்சி மூஞ்சிக்காகத்தான் உன்னை வச்சிருக்கேன்" என்று நீட்டப்படும் சம்பளம். இந்தப் பரிசு கிடைத்தால் தெருமுனைக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். பேயாவது பிசாசாவது, மச்சானைவிடவா?

மத்தியானம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கால் மணி நேரம் அப்படியே இருந்தால் போதும்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் அக்கா. "அவர் உசுரு போய் வந்த காசு. உக்காந்ததுக்கா கூலி? ஒரு அடியாவது அடி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோஷம் வந்து எழுந்து அடித்தான். பந்துகள் சிதறின. ஒன்று விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: தவறினால் அடுத்த முறை அவருடையது. அந்தப் பயத்திலேயே கை பிசகாமல் ஓடியது. அவன் பந்தெல்லாம் தீர்ந்து, கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் கடை.

கறுப்பு குழியின் வாய்வரை போய், வேண்டாம் என்று நின்றுவிட்டது.

"இப்ப அவர் முறை" என்றாள் அக்கா.

மெக்கானிக் கூடத்துக்காரரிடம் ஓடினான். "கால் மணி ஆயிடுச்சுண்ணே. அவர் வரலைன்னு எழுதுங்க."

"ஆட்டம் ஆரம்பிச்சிட்டியேப்பா. அதுக்கு முன்னாடியில்ல கேட்டிருக்கணும்?"

"செத்தவரு எப்படிண்ணே அடிப்பாரு?"

"ஒரு அடிக்கு இவ்வளவு நேரம்னு நம்ம விதியில இல்லையே." அவர் கண் அக்காவின் கைப்பையில் இருந்தது. அடுத்த வருடப் பரிசும் அதற்குள்தானே இருக்கிறது.

"அவர் யோசிச்சுத்தான் அடிப்பாரு" என்றாள் அக்கா. அதில் கேலி இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்தது. எழுந்து போனால் தோற்றவன். மச்சான் கடைதான் கதி. மெக்கானிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்தான். சற்று முன்வரை யார் முறை வந்துவிடக் கூடாது என்று பயந்தானோ, அவரை வாய்க்குள்ளேயே கெஞ்ச ஆரம்பித்தான்.

"அண்ணே, வாங்கண்ணே. ஒரே ஒரு அடி. எப்பவும் போலத் தப்பா அடிச்சிட்டுப் போயிடுங்க."

முதுகுப் பக்கம் காற்று குளிர்ந்தது. அக்கா சட்டென்று எழுந்து நின்றாள், முகமெல்லாம் மலர்ந்து.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி வருபவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று, நீட்டியிருந்த காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.