வரம்புகளைப் பற்றி ஒரு பத்தி

பல்கலைக்கழகத்தில் பதினோரு வருஷமாக அவள் பார்த்துவந்த வேலைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தக் கடிதத்தில் ‘ஆய்வெழுத்துப் பயிற்றுநர்’ என்று இருக்கும். மற்ற துறைப் பேராசிரியர்களுக்கு அவள் ‘பிழை திருத்தற அம்மா’. மாணவர்கள் வைத்தது கமா டீச்சர். அவளுக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. அதிலாவது கொஞ்சம் பாசம் இருந்தது.

அவளுடைய அறை மாடிப்படிக்குக் கீழே, முன்பு நகலெடுக்கும் இயந்திரம் வைத்திருந்த இடத்தில். மேலே யாராவது தடதடவென்று இறங்கினால் மேசையில் பேனாக்கள் உருளும். அந்த அறையில் உட்கார்ந்துதான் பொறியியல், சமூகவியல், செவிலியம் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளுக்கும் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய பெரிய வார்த்தையாகப் போட்டால் மார்க் வரும் என்று நம்பி வருகிறவர்கள்தான் அதிகம். பத்திக்குப் பத்தி ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடித்திருப்பார்கள்.

“அதான் குறிப்பிட்டாச்சே, அப்புறம் எதுக்கு இது?” என்று அடித்துவிடுவாள். வகுப்பு சிரிக்கும். அடுத்த வாரம் அதே வார்த்தை திரும்ப வரும். அவளுக்குச் சலிப்பே வந்ததில்லை. எங்கோ ஒரு மாணவன் ‘இதை நான் இப்படிப் பார்க்கிறேன், காரணம் இது’ என்று முதல்முறையாக எழுதும்போது அவளுக்கு அன்றைக்கு முழுதும் மனசு நிறைந்திருக்கும்.

அந்த வருஷம் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவளாக ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். நாற்பத்தாறு வயது. டீச்சரைவிட ஏழு வயது பெரியவள். இருபத்திரண்டு வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, நர்சிங் பள்ளியில் பாடம் நடத்தும் பதவிக்காக ஒரு வருஷம் விடுப்பெடுத்து முதுகலை படிக்க வந்திருந்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கும் டீச்சருக்கும் அவள் சிஸ்டர்தான்.

சிஸ்டரின் முதல் கட்டுரை நோயாளியின் அட்டையைப் படிப்பதுபோல் இருந்தது. ‘கேட்டேன். சொன்னார். எழுதினேன்.’ மற்றவர்களின் கருத்துகளை மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப்போட்டிருந்தாள்.

“உங்க சொந்த வார்த்தையில எழுதலாமே, சிஸ்டர்?”

“டாக்டர் எழுதின மருந்தை நான் சொந்த வார்த்தையில எழுதினா ஆள் காலி, மேடம்.” சிஸ்டர் சிரிக்காமல்தான் சொன்னாள். “இருபத்திரண்டு வருஷமா இருக்கறதை இருக்கறபடி எழுதித்தான் பழக்கம். கை வரமாட்டேங்குது.”

ஆனால் அவள் செய்த ஆய்வு டீச்சரை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் மணியை அழுத்தாமல் தாங்களாகவே எழுந்து கழிவறைக்குப் போய் ஏன் விழுகிறார்கள் என்பதுதான் கேள்வி. விடுப்பெடுப்பதற்கு முன்பே, விழுந்து அடிபட்ட முப்பத்துநான்கு பேரிடம் உட்கார்ந்து பேசியிருந்தாள். மணி வேலை செய்யவில்லை என்றவர்கள் நான்கே பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னது வேறு: ‘சிஸ்டருங்க பாவம், ஏற்கெனவே ஓடிக்கிட்டே இருக்காங்க. அவங்களை எதுக்குக் கூப்பிடணும்?’

“இது பெரிய விஷயம், சிஸ்டர். இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்ட மாதிரி தெரியலை” என்றாள் டீச்சர். சிஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டு கைப்பையின் வாரைச் சுற்றினாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பத்தாம் நாள் துறைத்தலைவர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். பல்கலைக்கழகம் அந்த வருஷம்தான் திருட்டெழுத்தைக் கண்டுபிடிக்கும் புது மென்பொருள் வாங்கியிருந்தது. பழைய ஆய்விதழ்களையெல்லாம் அது துழாவி, ஒத்துப்போகும் வரிகளைச் சிவப்பாகக் காட்டும். சிஸ்டரின் ஏட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

“வரம்புகள்னு, ஆய்வோட குறைகளைச் சொல்ற பத்தி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின கட்டுரைலேர்ந்து வார்த்தை மாறாம எடுத்திருக்காங்க. எண்ணிக்கையை மட்டும் மாத்தியிருக்காங்க” என்றார் தலைவர். “வியாழக்கிழமை விசாரணைக்குழு. நீங்களும் வந்து கருத்து சொல்லணும். ஒரு பருவம் நிறுத்திவைப்பாங்கன்னு நினைக்கிறேன்.”

டீச்சர் அந்தப் பத்தியைப் படித்தாள். ‘எந்த ஆய்வும் தன் காலத்திலும் இடத்திலும் வேரூன்றியே நிற்கிறது’ என்று தொடங்கியது. இரண்டாவது வரியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடம்.

அறைக்குத் திரும்பியபோது சிஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் விசாரணைக் கடிதம். இன்னொரு கையில், மூலை மடங்கிய ஒரு தாள்.

“நீங்க குடுத்த தாள்தான் மேடம் இது. மூணாவது வாரம். ‘இதை அப்படியே சட்டகமா வெச்சுக்கிட்டு உங்க விவரத்தை நிரப்புங்க’ன்னு சொன்னீங்க. தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன்.” குரலில் குற்றச்சாட்டு இல்லை, பயம்தான் இருந்தது. “ஒரு பருவம் நிறுத்திட்டா என் விடுப்பு முடிஞ்சிடும். வார்டுக்கே திரும்பிடணும். நான் எதாவது தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா?”

“இல்லை, சிஸ்டர். நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க” என்று மட்டும் டீச்சரால் சொல்ல முடிந்தது.

அந்தத் தாளை அவள் தயாரித்தது வேலையில் சேர்ந்த முதல் வருஷம். திங்கட்கிழமைக்குள் பன்னிரண்டு பயிற்சித்தாள்கள் வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, மடியில் காய்ச்சலோடு கைக்குழந்தை. ஏதோ ஓர் ஆய்விதழில் அழகாக இருந்த ஒரு பத்தியை ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தாள். யார் எழுதியது என்று அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அப்புறம் வரவேயில்லை. மேற்கோள் குறி போடாதவர்களிடம் அத்தனை கறாராக இருந்தவள், அந்தத் தாளை வருஷத்துக்கு இரண்டு முறை நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

“நான் கரும்பலகைல போடற கணக்கெல்லாம் நானா கண்டுபிடிச்சேன்? எவனோ போட்டதுதான்” என்றான்.

“அதைப் பார்த்துப் போட்டதுக்கு நீங்க எந்தப் பையனையும் ஸ்கூலை விட்டு நிறுத்தலையே.”

அவன் ஒரு துண்டை எடுத்து மடித்தான். பிறகு, “அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், இல்ல?” என்றான்.

“ஆமா.”

“சும்மா மாதிரிக்குக் குடுத்த தாள், பார்த்து எழுதச் சொல்லலைன்னு நீ சொன்னா என்ன ஆகும்?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களுக்குத்தான்.”

அவன் மடித்த துண்டை மறுபடி பிரித்து மடித்தான். “அப்ப போய்ச் சொல்லிடு. நீ சொல்லாம வந்தேன்னா உன்னோட யாரு குடித்தனம் பண்றது? ஒரு வருஷத்துக்குப் புலம்பியே என்னைக் கொன்னுடுவே.”

வியாழக்கிழமை நீளமேசைக்கு அந்தப்பக்கம் நான்கு பேர் இருந்தார்கள். சிஸ்டர் இந்தப்பக்கம், முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் கேட்பதற்கு முன்பே டீச்சர் எழுந்தாள்.

“அந்தப் பத்தியை எடுத்தது நான். யாருதுன்னு போடாம தாள்ல அச்சடிச்சுக் குடுத்தது நான். அப்படியே பயன்படுத்துங்கன்னு சொன்னதும் நான்தான். அவங்க சொன்னதைச் செஞ்சாங்க.”

ஓரத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்?”

“கணக்குப் பார்த்தா ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல.”

“ஐயோ” என்றார் அவர். அதில் கோபத்தைவிட மலைப்புதான் அதிகம் இருந்தது. அந்த வருஷத்து ஏடுகளில் இன்னும் எத்தனை சிவப்பாகப் போகின்றன என்று அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

முடிவு மாலையே வந்தது. சிஸ்டர் அந்தப் பத்தியை மட்டும் இரண்டு வாரத்துக்குள் புதிதாக எழுதித் தரவேண்டும், வேறு நடவடிக்கை இல்லை. டீச்சருக்கு எழுத்துமூலம் கண்டனம். அவளுடைய தாள்கள் அத்தனையையும் துறை சரிபார்க்கும். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான். தாழ்வாரத்தில் சிலர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் வகுப்பிலேயே, “மேடம், இன்னைக்குக் குடுக்கற தாள் யாருது?” என்று கேட்டான். காது சூடேறியது. “கீழே போட்டிருக்கு, படி” என்றாள்.

பழைய கட்டுரையை எழுதிய பேராசிரியைக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். ஓய்வுபெற்றுவிட்ட அந்த அம்மாளிடமிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. அந்தப் பத்தி தனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. தான் எழுதியதை ஆய்விதழின் துணையாசிரியர் அப்படி மாற்றிவிட்டார். பதினோரு வருஷம் பிள்ளைகள் அதைப் படிக்க நேர்ந்ததற்குத் தான்தான் வருந்த வேண்டும். டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

இரண்டு வாரக் கெடுவில் பன்னிரண்டாம் நாள் சிஸ்டர் வந்தாள். ஒரே ஒரு பக்கம், கையால் எழுதியது.

‘நான் கேள்வி கேட்டபோது நர்ஸ் சீருடையில் இருந்தேன். எனக்கு வேறு வழி இல்லை, பணி நேரத்துக்கு இடையில்தான் கேட்க முடிந்தது. என் முகத்துக்கு நேராக, உங்களால்தான் விழுந்தேன் என்று ஒரு நோயாளி எப்படிச் சொல்வார்? சிஸ்டருங்க பாவம் என்று அவர்கள் சொன்னதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு என்னைப் பார்த்துச் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. சீருடை போடாத ஒருவர் இதைத் திரும்பக் கேட்க வேண்டும்.’

டீச்சர் இரண்டு முறை படித்தாள். மேலே யாரோ இறங்கினார்கள், பேனா உருண்டது. அதைப் பிடித்து, பழக்கத்தில், ‘பாவம்’ என்ற சொல்லின் கீழே கோடிட்டாள்.

“இந்த இடத்துல மட்டும் ‘பரிவு காட்டினர்’னு மாத்திடலாமா, சிஸ்டர்? ஆய்வேடு இல்லையா?”

“வேண்டாம், மேடம்.”

டீச்சர் நிமிர்ந்தாள்.

“அவங்க பரிவுன்னு சொல்லலை. பாவம்னுதான் சொன்னாங்க. அதோட, இது நான் எழுதினது” என்றாள் சிஸ்டர். சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே திடுக்கிட்டவள்போல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, இருக்கட்டும்” என்று டீச்சர் தான் போட்ட கோட்டைக் குறுக்கே அடித்தாள். “நீங்க பேசினவங்களோட வயசு விவரம் இதுல சேர்க்கணுமா பாருங்க. நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க, கெடுவுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”