மருந்துக்குப் பின் ஒரு வாய் தயிர்சோறு

1

இந்தக் கதை எனக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. இரைப்பையில் கிருமி என்று சொல்லி மருந்துச் சீட்டை நீட்டினார்கள். "இதை முதல்ல யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க?" என்று கேட்டேன். "எலிக்குத்தான்" என்றார் நர்ஸ். மீதியெல்லாம் என் கற்பனை. அதில் எனக்குத் துளியும் கூச்சமில்லை.

[‘எலிகள் உறங்கிக்கொண்டிருந்தன’ என்று தொடங்கினேன். எலி பகலில் உறங்கலாம், கதை உறங்கக் கூடாது. அடித்துவிட்டேன்.]

2

கமலவேணி நெல்லித்தோப்புப் பெண். முனைவர் பட்டத்துக்காக நாலு வருடமாக ஒரே கிருமியோடு மல்லுக்கட்டுகிறாள். இருபத்துநாலு எலிகளுக்கு அந்தக் கிருமியை ஏற்றினாள். பிறகு தினமும் பன்னிரண்டு எலிகளுக்கு மணத்தக்காளிச் சாறு, மற்ற பன்னிரண்டுக்கு வெறும் தண்ணீர். கடைசியில் எல்லாவற்றையும் கொன்று இரைப்பையைப் பார்த்தாள். சாறு குடித்தவற்றில் கிருமி இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் குடித்தவற்றில் அப்பிக் கிடந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் இருபது நாள். சந்தோஷம் தாங்காமல் இனிப்புப் பெட்டியோடு எலிக்கூடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆதிமூலத்திடம் ஓடினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்மா, தேறிடும்னு. சாறு குடுத்துட்டு நீ அந்தாண்ட போனதும் ஆளுக்கு ஒரு உருண்டை தயிர்சோறு வெச்சிடுவேன். கசப்பு மருந்து* குடுத்துட்டு வாய்க்கு ஒண்ணும் குடுக்காம வுடுவாங்களா?"

"எல்லாத்துக்குமாண்ணே?"

"தண்ணி குடிச்சதுக்கு எதுக்கும்மா? அதுக்கு இன்னா கசக்கவா போவுது?"

கமலவேணிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தயிரில் உள்ள நுண்ணுயிர்களும் அந்தக் கிருமியை அடக்கக்கூடும். குணமாக்கியது சாறா, தயிரா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

(* சாறு குழல் வழியாக நேரே இரைப்பைக்குப் போகும். நாக்குக்குக் கசப்பே தெரியாது. இதை ஆதிமூலத்திடம் யாரும் சொன்னதில்லை.)

(ஆதிமூலத்தை ரொம்ப நல்லவராக்கிவிட்டேனோ? முதல் வரைவில் அவர் சோம்பேறி. ஆனால் எந்தச் சோம்பேறி எலிக்கென்று தினமும் டிபன் டப்பாவில் சோறு பிசைந்து எடுத்துவருவான்? நல்லவராகவே இருக்கட்டும்.)

3

முடிவு, அ: கமலவேணி வாயே திறக்காமல் பட்டம் வாங்குகிறாள். எழுதினேன். அந்தச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்தப்போகிற யாரோ ஒரு நோயாளியை நினைத்ததும் கிழித்துப் போட்டேன்.

முடிவு, ஆ: தன் பேராசிரியர் மதிவாணனிடம் சொல்கிறாள். [மதிவாணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல்... வேண்டாம். கண்ணாடி கழற்றும் பேராசிரியர்களை நிறையவே பார்த்துவிட்டோம்.] ஆதிமூலத்தின் பெயரைச் சொல்லாமல், தவறு தன்னுடையது என்கிறாள். அவர் கூடுதலாக ஆறு மாதம் தருகிறார். இந்த முடிவு நிற்கும். இவள் இப்படித்தான் செய்வாள், எனக்குத் தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் அவள் ஆதிமூலத்தின் முன் போய் நின்றாள்.

"அண்ணே, மொதல்லேர்ந்து மறுபடியும் செய்யணும். புதுசா இருபத்துநாலு எலி வேணும்."

கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நான் வெச்ச சோத்தாலயாம்மா?"

ஆமாம் என்றால், சாகப்போகும் இருபத்துநாலும் அந்த மனிதர் தலையில் விழும். இல்லை என்றால், அடுத்த முறையும் சோறு வைப்பார். மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்தேன், இரண்டில் எதையும் அவள் வாயில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.